உப்பு விளையும் முன்: ஆண்டுத் தொடக்கச் சோர்வுக்குச் சொல்லப்பட்ட விடைகள்

ஆண்டு புதிதானால் மனமும் புதிதாகும் என்ற எதிர்பார்ப்பு மிகப் பழையது. ஜனவரி பாதி கழிவதற்குள் கை தளர்ந்து, தொடங்கிய வேலையில் ருசி விட்டுப்போகும் அனுபவமும் அதே அளவுக்குப் பழையதுதான். இந்தச் சோர்வு எங்கிருந்து வருகிறது, வடிந்த ஊக்கம் எப்படித் திரும்புகிறது, பார்த்துப் பழகிய உலகின்மேல் மறுபடி எப்படி வியப்புப் பிறக்கிறது என்ற கேள்விகளுக்குத் துறவிகளும் புலவர்களும் மருத்துவர்களும் உளவியலாளர்களும் வெவ்வேறு விடைகளைச் சொல்லியிருக்கிறார்கள். அவற்றை ஒருசேர வைத்துப் பார்ப்பதும், ஒரு குறிப்பிட்ட நிலத்தில் நிறுத்திச் சோதிப்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

அந்த நிலம் மரக்காணம். விழுப்புரம் மாவட்டத்தில், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி மூவாயிரம் ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கும் உப்பளங்கள் இவ்வூரின் அடையாளம். இங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையால் உப்பு வேலை நிற்கும். ஜனவரி, பிப்ரவரியில் மறுபடி தொடங்கும். ஆகவே ஆங்கிலப் புத்தாண்டும் தைப்பொங்கலும் வருமானம் அற்றுப்போன ஒரு காலத்தின் முடிவில்தான் இவ்வூருக்கு வருகின்றன. இக்கடற்கரையைத் தாக்கிய பேரிடர்கள் பலவும் ஆண்டின் கடைசி வாரங்களிலேயே வந்திருக்கின்றன. ஆழிப்பேரலை 2004 டிசம்பர் 26இல் வந்தது. தானே புயல் 2011 டிசம்பர் 30இல் கரையைக் கடந்தது. பெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறியபோது, இதே மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வரப்பு கரைந்த பாத்திகளோடும் தலைக்கு மேல் கடனோடும் புத்தாண்டைத் தொடங்குவது இங்கே புதிதல்ல.

நாளை நம்பும் விடை

எல்லோருக்கும் தெரிந்த முதல் விடை நாள்காட்டியிடம் இருக்கிறது. போகியன்று பழையதை எரி, மறுநாள் புதுப்பானை ஏற்று, தை பிறந்தால் வழி பிறக்கும். காலத்தில் ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு அந்தப்பக்கம் நின்ற மனிதன் வேறு, இந்தப்பக்கம் நிற்பவன் வேறு என்று நம்ப வைப்பதே இச்சடங்குகளின் வலிமை. கோடு எங்கே விழுகிறது என்பது மனிதர் முடிவு செய்வது. தமிழ்நாட்டில் 2008இல் தை முதல் நாளைத் தமிழ்ப் புத்தாண்டாக அறிவித்துச் சட்டம் வந்ததும், 2011இல் அது நீக்கப்பட்டுச் சித்திரைக்கே புத்தாண்டு திரும்பியதும் இதற்குச் சான்று.

இந்த நம்பிக்கைக்கு ஆய்வு ஆதரவும் உண்டு. ஹெங்சென் டாய், கேத்ரின் மில்க்மன், ஜேசன் ரைஸ் மூவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வாரம், மாதம், ஆண்டு, பிறந்தநாள் போன்ற தொடக்கங்களை அடுத்து உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவோரும், உணவுக் கட்டுப்பாடு குறித்துக் கூகுளில் தேடுவோரும் கூடுவதைக் காட்டினார்கள். ஆனால் கூடியது நிலைக்கிறதா? ஜான் நார்கிராஸ் 1980களில் 200 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, ஒரு வாரம் வரை உறுதியைக் காத்தவர்கள் 77 விழுக்காடு. இரண்டு ஆண்டுகள் காத்தவர்கள் 19 விழுக்காடு. 2020இல் வெளியான சுவீடன் ஆய்வொன்று, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஓராண்டு தொடர்ந்து, சற்றே நம்பிக்கை தரும் முடிவைச் சொன்னது. ஒன்றை விட்டுவிடுவேன் என்று உறுதி எடுத்தவர்களில் 47 விழுக்காட்டினர் வெற்றி பெற்றதாகக் கூறினர். ஒன்றைச் செய்யத் தொடங்குவேன் என்றவர்களில் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர்.

இந்த எண்கள் அவரவர் வாய்மொழியை நம்பி எடுத்தவை. ஆய்வுக்கு விரும்பி வந்தவர்களைப் பற்றியவை. அதைவிடப் பெரிய குறை வேறு. நாள் ஒரு முறைதான் தள்ளிவிடும்; நடக்கிற வேலை நடப்பவருடையது. மரக்காணத்தில் தை பிறந்தாலும் மழை விட்டால்தான் பாத்தி காயும். 2021 ஜனவரியில் பொங்கலை ஒட்டித் தமிழகமெங்கும் வழக்கத்துக்கு மாறான பெருமழை பெய்தது. அத்தகைய ஆண்டில் நாள்காட்டி சொல்லும் தொடக்கமும் நிலம் தரும் தொடக்கமும் ஒன்றாக இருப்பதில்லை.

மனத்திண்மையும் அதன் அளவும்

இரண்டாவது விடை, குறை நாளிடம் இல்லை, ஆளிடம் இருக்கிறது என்பது. திருக்குறளில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்று அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள் இதற்கென்றே அமைந்திருக்கின்றன. தளராமல் முயல்பவர் ஊழையும் புறங்காண்பார் என்பது வரை வள்ளுவர் செல்கிறார். மேடைகளிலும் வகுப்பறைகளிலும் சோர்ந்தவர்க்கு மருந்தாக இவ்வதிகாரங்களே எடுத்துத் தரப்படுகின்றன.

ஆனால் அவை அமைந்திருக்கும் இடம் கவனிக்கத்தக்கது. மூன்றும் பொருட்பாலில் அரசியல் என்ற பகுதிக்குள் வருபவை. அதாவது, படையும் பொருளும் கையில் உள்ள ஒருவன் சோம்பினால் நாடு கெடும் என்ற சூழலில் சொல்லப்பட்டவை. அப்பகுதிக்கு நேர்முன்னே அறத்துப்பாலின் முடிவில் நிற்பது ஊழ் அதிகாரம். முயற்சிக்கு எட்டாத வலிமைகள் உண்டு என்பதைச் சொல்லிவிட்டே வள்ளுவர் முயற்சியைப் பேசுகிறார். பிற்கால மேற்கோள்களில் இந்த முதற்பாதி உதிர்ந்துவிடுகிறது. சோர்ந்தவரின் சோர்வு அவர் குற்றமாக மட்டும் மிஞ்சிவிடுகிறது. இது வள்ளுவருக்கும் நியாயமல்ல, சோர்ந்தவருக்கும் நியாயமல்ல.

நவீன உளவியலிலும் இதையொத்த ஒரு கதை நடந்தது. மனத்திண்மை தசையைப் போன்றது, பயன்படுத்தினால் களைத்துப்போகும் என்ற கருத்தை ராய் பாமைஸ்டர் குழுவினர் 1998இல் முன்வைத்தனர். பல ஆண்டுகள் அது பாடநூல் உண்மையாக இருந்தது. 2016இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து அக்கருத்தைச் சோதித்தபோது அவ்விளைவு ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றானது. இதைவிட உறுதியாக நிற்பது பீட்டர் கால்விட்சரின் எளிய முடிவு: நோக்கத்தை மட்டும் வைத்திருப்பவரைவிட, எப்போது, எங்கே, எப்படிச் செய்வது என்று முன்கூட்டியே குறித்துக்கொண்டவர் அதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு அதிகம். பழக்கம் பதிய எத்தனை நாள் ஆகும் என்பதை லண்டனில் 96 பேரிடம் பார்த்த 2010ஆம் ஆண்டு ஆய்வு, நடுமதிப்பாக 66 நாள் என்றது. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுவதற்கு இதில் ஆதரவில்லை.

உடலும் பருவமும்

சோர்வை உடலின் வழியே விளக்குவோரும் உண்டு. நார்மன் ரோசந்தால் 1984இல் விவரித்த பருவகால மனச்சோர்வு, குளிர்காலத்தில் வெளிச்சம் குறைவதோடு தொடர்புடையது. ஸ்டாக்ஹோமில் டிசம்பர் பகல் ஆறு மணி நேரமே. அங்கே அவ்விளக்கம் பொருந்தலாம். பன்னிரண்டு பாகை வட அகலாங்கில் உள்ள மரக்காணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகலும் பதினொன்றே கால் மணி நேரத்துக்கு மேல். இங்கே உடலைப் பாதிப்பது வெளிச்சக் குறைவைக் காட்டிலும் ஈரமும் தேங்கிய நீரும் முடக்கமும்தான் என்று கருத இடமுண்டு. ஜனவரியின் மூன்றாம் திங்கட்கிழமைதான் ஆண்டிலேயே துயரமான நாள் என்று ஆண்டுதோறும் வரும் செய்தியோ, 2005இல் பிரிட்டனில் ஒரு பயண நிறுவனத்தின் விளம்பரத்துக்காகப் பிறந்தது. அதற்கு அறிவியல் அடிப்படை இல்லை.

ஒன்றை மட்டும் இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். உறக்கம், பசி, எதிலும் நாட்டம் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் அது இக்கட்டுரை பேசும் சோர்வு அல்ல. மருத்துவரை அணுக வேண்டிய நிலை அது. டெலி மனஸ் உதவி எண் 14416 எந்நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

கடன் குறைத்த மதி

ஊக்கம் என்பது உள்ளத்தின் பண்பு என்ற எண்ணத்தை அடியோடு அசைத்தது ஆஸ்திரியாவின் மரியந்தால் என்ற சிற்றூர். அங்கிருந்த நெசவாலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்தபின் மேரி யஹோடா, பால் லசார்ஸ்பெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் அவ்வூர் வாழ்க்கையைக் கூர்ந்து பதிவுசெய்து 1933இல் நூலாக்கினர். வேலை போனால் நேரம் மிஞ்சும், மிஞ்சிய நேரத்தில் படிப்பார்கள், கூடுவார்கள், போராடுவார்கள் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது எதிர்மாறு. நூலகத்தில் இரவல் எடுக்கும் புத்தகங்கள் குறைந்தன. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே குறைந்தது. வருமானம் போனதோடு, நாளுக்கு வடிவம் தந்த ஒன்றும் போய்விட்டிருந்தது.

இதற்கு இன்னும் நெருக்கமான சான்று விழுப்புரம் மாவட்டத்திலேயே கிடைத்திருக்கிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் 2013இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வின் ஒரு பகுதி, விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களைச் சேர்ந்த 464 கரும்பு உழவர்களைப் பற்றியது. அறுவடைக்கு முன் கையில் காசில்லாமல் இருந்தபோதும், அறுவடைக்குப் பின் காசு வந்தபோதும் அதே மனிதர்களுக்கு அறிவுக்கூர்மைச் சோதனை வைத்தார்கள். காசு வந்தபின் அவர்கள் தெளிவாக மேம்பட்டுச் செய்தார்கள். ஆள் மாறவில்லை, மாதம் மாறியது. பணக்கவலை மனத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, திட்டமிடவும் தன்னைக் கட்டுப்படுத்தவும் வேண்டிய கவனத்தைச் சுருக்கிவிடுகிறது என்பது அவர்களின் வாதம்.

இம்முடிவை அப்படியே ஏற்பதிலும் தயக்கம் தேவை. அதன் புள்ளியியல் முறை குறித்து உடனே மறுப்புகள் எழுந்தன. அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்ட 2016ஆம் ஆண்டு ஆய்வொன்று அறிவுத்திறனில் வேறுபாடு காணவில்லை. மாதச் சம்பளம் ஒருவாரம் தள்ளியிருப்பதும், ஆண்டுக்கொரு முறை வரும் அறுவடைப் பணத்துக்காகக் காத்திருப்பதும் ஒன்றல்ல என்பதால் இரண்டு முடிவுகளும் உண்மையாகவே இருக்கலாம். உப்பளத் தொழிலாளியின் நிலை கரும்பு உழவரின் நிலைக்கே அருகில் இருக்கிறது. மழைக்கால மாதங்களுக்கென்று உப்பளத் தொழிலாளருக்குத் தமிழ்நாடு அரசு ஆண்டுக்கு 5000 ரூபாய் நிவாரணம் வழங்குகிறது. மூன்று மாத முடக்கத்துக்கு அது சிறு தொகை. ஆனால் வேலையில்லாத பருவத்தைச் சோம்பலென்று பார்க்காமல் தொழிலின் ஒரு பகுதியாக அங்கீகரித்தது முக்கியமான நகர்வு.

பொருளாதார விளக்கத்துக்கும் எல்லை உண்டு. வயிறு நிறைந்தவர்களும் ஜனவரியில் சோர்கிறார்கள். கூலி வந்தால் கவலை தீரும். ஆர்வம் பிறக்குமா என்பது அடுத்த கேள்வி.

எழுப்புகிற குரல்

நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியஸ் என்ற துறவி, நண்பகலில் வந்து பிடிக்கும் ஒரு பேயைப் பற்றி எழுதினார். சூரியன் நகராததுபோலத் தோன்றும், அறை கசக்கும், வேறெங்காவது போனால் நன்றாயிருக்கும் என்று மனம் அலையும். அறையை விட்டுப் போகாமல் பொறுத்திருப்பதே அவர் சொன்ன மருந்து. அவ்விடை தனித்திருப்பவருக்கானது.

தமிழ் மரபு இதே இடத்தில் வேறு வழியில் போயிற்று. மார்கழி விடியலுக்கென்றே அமைந்த திருப்பாவையிலும் திருவெம்பாவையிலும் தூங்குகிறவரைத் தூங்காதவர் வாசலில் வந்து எழுப்புகிறார்கள். திருப்பாவையின் முப்பது பாசுரங்களில் ஆறாவது முதல் பதினைந்தாவது வரை பத்துப் பாசுரங்கள் இந்த எழுப்புதலுக்கே செலவாகின்றன. பக்தி இலக்கியம் என்ற அளவில் படித்துக் கடந்துவிடுகிற இப்பகுதியில் ஊக்கம் பற்றிய ஒரு கோட்பாடே இருக்கிறது: எழுவது எழுகிறவரின் தனி வேலை அல்ல. ஒவ்வொரு பெண்ணும் எழுந்தபின் அடுத்த வாசலுக்குப் போகும் குரல்களில் ஒன்றாகிவிடுகிறாள்.

இதைவிடப் பழைய ஒரு சான்று நேராக மரக்காணத்தையே தொடுகிறது. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பற்றியது. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அதில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் உழலும் இன்னொரு பாணனை வழியில் கண்டு நல்லியக்கோடனிடம் போகச் சொல்வதே பாட்டின் அமைப்பு. அவன் விட்டுவந்த வறுமை எப்படிப்பட்டது? கண் திறவாத குட்டிகளை ஈன்ற நாய் குரைக்கும் பாழ் அடுக்களையில், குப்பையில் முளைத்த கீரையைப் பறித்து, உப்புக்கும் வழியின்றி வேகவைத்து, அயலார் பார்த்துவிடாதபடி கதவை அடைத்துவிட்டு உண்ட வறுமை. உப்பு வணிகரான உமணரின் வண்டிகள் போகும் நாட்டைப் பாடும் அதே பாட்டில் இந்த உப்பில்லாக் கீரையும் இருக்கிறது.

நத்தத்தனாரின் பாணன் எதிரே வந்தவனுக்கு மனவலிமையைப் போதிக்கவில்லை. நானும் அப்படி இருந்தேன் என்கிறான். பிறகு வழி சொல்கிறான்: கடலோரமாகப் போனால் எயிற்பட்டினம், அங்கே பரதவர் வீட்டில் தேறலும் சுட்ட மீனும் கிடைக்கும், அடுத்து முல்லை நிலத்து வேலூர், பின் மருத நிலத்து ஆமூர், ஒவ்வோர் ஊரிலும் என்ன சோறு, யார் தருவார், அதன்பின் கிடங்கில். எப்போது, எங்கே, எப்படி என்று கால்விட்சர் கேட்டவற்றில் பெரும்பகுதி இதில் இருக்கிறது. அவர் கணக்கில் இல்லாத இரண்டும் சேர்ந்திருக்கின்றன: வழியில் உணவு, வழி சொல்ல முன்பே போய்வந்த ஒருவன். இந்நெடிய விவாதத்தில் கிடைக்கும் விடைகளுள் முழுமைக்கு மிக அருகில் வருவது ஆற்றுப்படை என்ற வடிவமே என்று சொல்லத் தோன்றுகிறது. அதன் குறையும் வெளிப்படை. வழியின் முடிவில் ஒரு வள்ளல் இருந்தாக வேண்டும்.

மருட்கையின் நான்கு நிலம்

அண்மைக் காலத்தில் மிகுந்த கவனம் பெற்ற விடை வியப்பு. டாகர் கெல்ட்னர், ஜொனாதன் ஹைட் இருவரும் 2003இல் வியப்புக்கு இரண்டு கூறுகள் சொன்னார்கள்: நம்மைவிடப் பெரிதான ஒன்று, அதை உள்வாங்க நம் எண்ணச் சட்டகம் விரிய வேண்டிய தேவை. விர்ஜினியா ஸ்டர்ம் குழுவினர் 2020இல் வெளியிட்ட சோதனையில், அறுபது வயதைத் தாண்டியவர்கள் எட்டு வாரம், வாரம் ஒரு முறை 15 நிமிடம் நடந்தார்கள். ஒரு பிரிவினரிடம் மட்டும் வியப்பைத் தேடி நடக்கும்படி சொல்லப்பட்டது. அவர்களிடம் மகிழ்ச்சியும் பரிவும் கூடின. வழியில் எடுத்த தற்படங்களில் அவர்களின் உருவம் வாரத்துக்கு வாரம் சிறிதாகி, சுற்றுப்புறம் பெரிதானது. பங்கேற்றவர்கள் ஐம்பது பேர் அளவே என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் மருட்கைக்கு, அதாவது வியப்புக்கு, நான்கு நிலைக்களன்கள் வகுத்திருக்கிறது: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். ஆக்கம் என்பதை, ஒன்று மாறி இன்னொன்றாவது என்று உரையாசிரியர்கள் விளக்குவர். பெருமையை மையமாக வைத்த நவீனக் கோட்பாட்டைவிட இது அகலமானது. பெருமையும் புதுமையும் பழகப் பழகத் தேயக்கூடியவை. சுற்றுலாவில் கிடைக்கும் வியப்பு பெரும்பாலும் இவ்விரண்டே. சிறுமையும் ஆக்கமும் கிட்ட இருந்து நெடுநாள் பார்ப்பவருக்கே தெரிபவை.

உப்பளம் ஆக்கத்தின் நிலம். ஜனவரியில் மழைநீரை வடித்து, வண்டலை வாரி, வரப்பை உயர்த்தி, பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குகிறார்கள். பிறகு உவர்நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்திக் காய விடுகிறார்கள். ஏறத்தாழ 3 பாகை அடர்த்தியுள்ள கடல்நீர் 25 பாகையை எட்டினால்தான் உப்பு படியத் தொடங்கும். அதற்குள் நீரில் பத்தில் ஒன்பது பங்கு ஆவியாகியிருக்கும். அதுவரை வாரங்கணக்கில் உழைப்புக்குக் கண்ணுக்குத் தெரியும் பலன் இல்லை. பலனில்லாத இந்த வாரங்களைத் தோல்வியென்று இத்தொழில் எண்ணுவதில்லை. ஜனவரியில் தொடங்கிய ஒன்று பிப்ரவரியில் விளையவில்லை என்று கைவிடும் நகரத்து மனத்துக்கு இந்தக் கணக்கு பயன்படக்கூடும்.

ஆனால் இங்கே ஓர் எதிர்ப்பை முழு எடையோடு வைத்தாக வேண்டும். வெள்ளைப் பாத்திகளில் வானம் தெரிவதைச் சாலையில் நின்று பார்ப்பவர் வியக்கிறார். அதே பாத்தியில் கண் கூச நின்று உப்பு வாரி, தலையில் சுமந்து அம்பாரம் சேர்ப்பவருக்கு அது கொதிக்கும் வேலைத்தளம். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் வாழ்வை எழுதிய ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' காட்டியதும் இதைத்தான். வெப்பத்தின் தாக்கத்தையும் சிறுநீரகப் பாதிப்பையும் தமிழக உப்பளங்களில் அண்மை ஆய்வுகள் பதிவுசெய்திருக்கின்றன. நிழலும் குடிநீரும் கழிப்பறையும் கேட்பவருக்கு வியப்பைப் பரிந்துரைப்பது கொடுமை. வியப்பு கூலிக்கு ஈடாகாது. அப்படிப் பேசும் எந்தக் கட்டுரையும் உப்பளத்தைக் கண்டு எழுதியதாகாது.

இந்த எதிர்ப்பு வியப்பை மறுப்பதாகாது, அதைத் தனியுடைமையாக்குவதையே மறுக்கிறது. எல்லோருக்கும் பொதுவான வியப்புக்கு இங்கேயே இடமுண்டு. மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி, தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரியாகக் கருதப்படுகிறது. 5151 ஹெக்டேர் பரப்புள்ள இது 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாகவும், 2024 ஆகஸ்டில் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. உப்பு வேலை நின்று கிடக்கும் மாதங்களில்தான் மத்திய ஆசிய வான்வழியில் வரும் வலசைப் பறவைகள் இங்கே நிறைகின்றன. 2015 முதல் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் விடுமுறை நாட்களில் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். எவரும் சேரலாம்; எங்கிருந்தும் குறைந்தது 15 நிமிடம் பார்த்து, கண்டதைப் பதியலாம். நாளின் உந்துதல், கூட வருபவர், அளவான வேலை, சிறியதைக் கூர்ந்து பார்க்கும் வியப்பு என்று இதுவரை பார்த்த விடைகளில் பல ஒரே இடத்தில் வந்து சேரும் அரிய வழக்கம் இது.

தீராமல் நிற்பவை

தொகுத்துப் பார்க்கையில் சில முடிவுகளைக் கவனத்தோடு முன்வைக்கலாம். நாள் தொடக்கத்துக்கு உதவுகிறது, தொடர்வதற்குப் போதாது. மனத்திண்மை பற்றிய பேச்சு, கையில் தேர்வுகள் உள்ளவருக்கே பெரிதும் பொருந்துகிறது. வருமான உறுதி ஊக்கத்தின் தரைத்தளம் என்பதற்குச் சான்று வலுவானது, ஆனால் விவாதம் முடியவில்லை. பிறர் வந்து எழுப்புவதன் பயன் இலக்கியத்தில் ஆழமாகப் பதிந்திருக்கும் அளவுக்கு ஆய்வில் அளக்கப்படவில்லை. வியப்பு பற்றிய சான்றுகள் இனியவை, எண்ணிக்கையில் சிறியவை. பெரும்பாலும் ஓய்வு நேரம் உள்ளவர்களிடமிருந்து எடுத்தவை.

உழைப்புக்கு நடுவே பிறக்கும் வியப்பு, அதாவது பாத்தியில் முதல் உப்பு படிவதைப் பார்க்கும் தொழிலாளியின் மருட்கை, உலாப் போகிறவரின் வியப்போடு ஒன்றா, அது ஆண்டுதோறும் தொழிலாளியைப் புதுப்பிக்கிறதா அல்லது கூலிக்கணக்கில் கரைந்துவிடுகிறதா என்பது திறந்தே கிடக்கும் கேள்வி. மழை ஜனவரிக்குள் நீண்டு, புயல் வலுத்து வரும் காலத்தில், பருவத்தை நம்பிக் கட்டிய ஊக்கத்தின் நாள்காட்டி என்ன ஆகும் என்பது அதைவிட அவசரமான கேள்வி. விழுப்புரத்துக் கரும்பு உழவரிடம் செய்ததுபோல, ஒரே மனிதர்களை டிசம்பரிலும் மார்ச்சிலும் சந்தித்து, கூலி வந்த நாளையும் கூட வேலை செய்தவர்களையும் கண்டவற்றையும் சேர்த்துக் கேட்கும் ஓர் ஆய்வு தேவைப்படுகிறது. முடக்கமும் தொடக்கமும் ஆண்டுதோறும் இத்தனை தெளிவாகப் பிரிந்திருக்கும் மரக்காணம் அதற்குப் பொருத்தமான களம். கேள்விகளை வகுக்கும்போதே அங்குள்ள தொழிலாளர்களையும் உட்கார வைத்துக்கொண்டால், எதை ஊக்கம் என்று அளப்பது என்பதே முதலில் மாறக்கூடும்.